மூன்று தூள்களும் ஒரு கடலூர் அடுப்பங்கரையும்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் எழுதும் மதிப்புரை

கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடற்கரைக்கு நடந்தே போய்வரும் தொலைவில் எங்கள் வீடு இருக்கிறது. வாரத்தில் நான்கு நாளாவது மீன் சமைக்கும் வீடு. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் வீடு. பளபளவென்று துலக்கி வைத்த பித்தளைச் செம்பு கடற்காற்றில் ஒரு வாரத்துக்குள் மங்கிவிடும் வீடு. இந்த மூன்று காரணங்களாலும் பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழே பல வண்ணப் புட்டிகள் சேர்ந்துகொண்டே வந்தன. அடுப்பு மேடைக்கு ஒன்று, சுவர் ஓடுகளுக்கு ஒன்று, குழாய்களுக்கு ஒன்று, பித்தளைக்கு ஒன்று, அடைப்பு நீக்க ஒன்று, வாடையை மறைக்க ஒன்று, எல்லாவற்றுக்கும் பொதுவாக இன்னொன்று என்று சென்ற ஆண்டு ஒரு நாள் எண்ணிப் பார்த்தபோது ஏழு இருந்தன. அவற்றுள் நான்கு பாதிகூடத் தீராமல் மூடி இறுகிக் கிடந்தன.

நான் அரசுப் பள்ளி ஒன்றின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவள். மாணவர்கள் விட்டுச்சென்ற குடுவைகளையும் சோதனைக் குழாய்களையும் அன்றாடம் கழுவி அடுக்கியது என் வேலையின் பெரும்பகுதி. அங்கே ஒரு கறையைப் பார்த்ததும் முதலில் எழும் கேள்வி, ‘இது என்ன பொருள், எதில் கரையும்?’ என்பதுதான். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் தேய்ப்பதற்கு அதிகம் இருக்காது. வீட்டுச் சமையலறையில் மட்டும் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்காமல், புட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் படத்தை நம்பி வாங்கிக் குவித்தோம் என்று எனக்கே வருத்தமாக இருந்தது. ஆகவே ஏழையும் ஒதுக்கி வைத்துவிட்டு, பாத்திரச் சோப்போடு மூன்று தூள்களை மட்டும் வைத்துக்கொண்டு ஓராண்டு சமையலறையைப் பராமரிப்பது என்று முடிவு செய்தேன். அந்த மூன்றைப் பற்றிய மதிப்புரை இது.

திருப்பாதிரிப்புலியூரில், பாடலீசுவரர் கோயிலை ஒட்டிய கடைத்தெருவில் உள்ள ஒரு பலசரக்குக் கடையில் மூன்றும் கிடைத்தன. முதலாவது, ஆப்ப மாவில் போடும் சமையல் சோடா. அதாவது சோடியம் பைகார்பனேட். இரண்டாவது, சலவைச் சோடா. அது சோடியம் கார்பனேட். மூன்றாவது, ஊறுகாய்க்கும் சர்பத்துக்கும் போடுகிற எலுமிச்சை உப்பு. பெயரில் உப்பு இருந்தாலும் அது சிட்ரிக் அமிலம்தான். சலவைச் சோடாவை நிறுத்துக் கட்டும்போதே கடைக்காரர், “அம்மா, இது சாப்பாட்டுக்கு ஆகாது. ஆப்ப சோடாவோட சேத்து வெச்சிடாதீங்க” என்று எச்சரித்துக் கொடுத்தார். பொருளை விற்பவர் அதன் ஆபத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பது எனக்கு மிகவும் பிடித்தது. மூன்றும் சேர்ந்து 200 ரூபாய்க்குள் அடங்கின.

முதலில் சலவைச் சோடாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றில் அதிகம் உழைத்தது அதுதான். எங்கள் அடுப்புக்கு மேலே உள்ள எக்ஸாஸ்ட் ஃபேனின் பிளாஸ்டிக் இறக்கைகளிலும், அதைச் சுற்றிய சுவர் ஓடுகளிலும், வறுவல் எண்ணெயின் ஆவி படிந்து, அதன்மேல் தூசி ஒட்டி, விரல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் பழுப்புப் பிசுக்காக இறுகியிருந்தது. பாத்திரச் சோப்பை வைத்துத் தேய்த்தால் மேல்பூச்சு வழுக்கிக்கொண்டு போகுமே தவிர, அடிப்பிசுக்கு அசையாது. கை பொறுக்கும் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்து, இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடாவை அதில் கரைத்து, பழைய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, ஓடுகளின் மேல் ஒட்டிப் பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டேன். துணியை எடுத்தபோது பிசுக்கு இளகிக் கூழாகத் துணியோடு வந்தது. மின் இணைப்பைத் துண்டித்துக் கழற்றிய இறக்கைகளையும் அதே கரைசலில் கால் மணி நேரம் ஊறவைத்து எடுத்தேன்.

இதற்குக் காரணம் இருக்கிறது. எண்ணெய் சூடுபட்டுப் பழையதாகும்போது அதில் கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன. காரத்தன்மை கொண்ட சோடா அவற்றோடு சேர்ந்து, அந்த இடத்திலேயே ஒருவகைச் சோப்பாக மாறுகிறது. அந்தச் சோப்பு மீதமுள்ள எண்ணெயையும் இழுத்துக்கொண்டு தண்ணீரில் கலக்கிறது. அழுக்கின் ஒரு பகுதியே அழுக்கை நீக்கும் பொருளாகிவிடுவதால்தான் அவ்வளவு எளிதில் வருகிறது. சமையல் சோடாவும் இதே குலம்தான் என்றாலும் மென்மையானது. அதன் கரைசலின் காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 8க்குச் சற்று மேலே நிற்க, சலவைச் சோடாவினுடையது 11ஐ ஒட்டிப் போகும். அந்த அளவுகோலில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கைக் குறிப்பதால், இந்த இடைவெளி மிகப் பெரியது. ஆகவே பழைய எண்ணெய்ப் பிசுக்குக்குச் சமையல் சோடாவைக் கைப்பிடி கைப்பிடியாகக் கொட்டுவது வீண். அதே காரணத்தால் சலவைச் சோடாவைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. தோலிலுள்ள எண்ணெயையும் அது விட்டுவைக்காது. துடைத்து முடித்த பின் நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடைக்காவிட்டால் ஓட்டின்மேல் வெள்ளைப் படலம் நிற்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சாம்பல் போட்டுப் பாத்திரம் துலக்கியவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது எங்கள் பகுதியில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல நாட்கள் மின்சாரம் இல்லாமல் போயிற்று. மோட்டார் ஓடாததால் தண்ணீர் இல்லை. அடிகுழாயில் வரிசையில் நின்று இரண்டு குடம் கொண்டுவந்தால் அதுதான் அன்றைய கணக்கு. விழுந்து கிடந்த மரக்கிளைகளை ஒடித்துக் கொல்லையில் விறகடுப்பு மூட்டினோம். அந்த அடுப்பின் சாம்பலைச் சலித்து, தேங்காய் நாரில் தொட்டு, எண்ணெய் வழிந்த வாணலியை என் மாமியார் ஒரு செம்புத் தண்ணீரில் துலக்கி முடித்தார். மரச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் உண்டு. சலவைச் சோடாவின் நெருங்கிய உறவு அது. நான் ஆய்வகத்தில் குடுவையில் பார்த்த பொருளை அவர் அடுப்படியிலிருந்து அள்ளிப் பயன்படுத்தினார். சோப்பு போட்டிருந்தால் நுரையைக் கழுவவே ஒரு குடம் தண்ணீர் செலவாகியிருக்கும். எரிவாயு அடுப்பு வந்தபின் நம் வீடுகளில் சாம்பல் இல்லாமல் போயிற்று. அந்த இடத்தைத்தான் இப்போது சலவைச் சோடா நிரப்புகிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்தது எலுமிச்சை உப்பு. கடலோரத்து வீடுகளுக்கு இதைவிட வேண்டிய பொருள் வேறில்லை என்பது என் முடிந்த கருத்து. கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த நிலத்தடி நீர், காயும் இடத்திலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படியும். எவர்சில்வர் குடத்தின் கழுத்து, குழாயின் வாய், தொட்டியின் மூலை, வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடி என்று எங்கும் அந்தப் படிவு இருக்கும். அது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்தான கால்சியம் கார்பனேட். சோப்பு போட்டாலும் சோடா போட்டாலும் அது கரையாது. கம்பி நாரால் சுரண்டினால் பாத்திரத்தில்தான் கீறல் விழும். ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பைக் கரைத்துப் பாத்திரத்தில் ஊற்றி அரை மணி நேரம் விட்டால், படிவு சிறு குமிழ்களாகப் பொரிந்து கரைந்துவிடும். அந்தக் குமிழ்கள் கரியமில வாயு. குழாயின் வாயில் உள்ள சல்லடையைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் ஊறவைத்தேன். பல மாதங்களாகக் கோணலாகப் பீறிட்டுக்கொண்டிருந்த தண்ணீர் நேராக விழுந்தது. புதுக் குழாய் மாற்ற வேண்டும் என்று பிளம்பர் சொல்லியிருந்த குழாய் அது.

பித்தளை, செம்புப் பாத்திரங்களின் களிம்புக்குப் புளி போட்டுத் தேய்ப்பது எல்லோரும் அறிந்ததே. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், இதில் இருப்பது சிட்ரிக் அமிலம், வேலை ஒன்றுதான். எலுமிச்சை உப்பில் சக்கை இல்லை, குத்துவிளக்கின் இடுக்குகளில் நார் சிக்காது என்பது கூடுதல் வசதி. ஆனால் பித்தளையை அதில் நெடுநேரம் ஊறப்போடுவது தவறு. மேற்பரப்பிலிருந்து துத்தநாகம் போய், செம்பின் சிவப்பு தெரியத் தொடங்கும். தடவி, தேய்த்து, உடனே கழுவி, ஈரமில்லாமல் துடைத்துவிட வேண்டும். கடற்காற்றுள்ள ஊரில் கடைசியில் சொன்னதுதான் மிக முக்கியம். ஈரத்தோடு கவிழ்த்து வைத்த செம்பு மறுநாளே புள்ளி விடும்.

எங்கள் வீட்டைப் பொறுத்தவரை எலுமிச்சை உப்பின் பெரிய பயன் மீனில்தான் தெரிந்தது. முதுநகர்த் துறைமுகத்தில் வந்திறங்கும் மீன், காலை வெயில் ஏறுவதற்குள் எங்கள் தெருவுக்குக் கூடையில் வந்துவிடும். புத்தம்புது மீனில் கவிச்சி குறைவு. நேரம் ஆக ஆக, கடல்மீனின் தசையில் இயல்பாக உள்ள ஒரு பொருளை நுண்ணுயிர்கள் சிதைப்பதால் டிரைமெத்தில் அமீன் என்னும், எளிதில் ஆவியாகிப் பரவும் பொருள் உண்டாகிறது. நாம் கவிச்சி என்று சொல்வது பெரும்பாலும் அதைத்தான். அது காரத்தன்மை கொண்டது. புளிப்போடு சேர்ந்தால் ஆவியாகாத உப்பாக மாறி அடங்கிவிடும். மீன் குழம்புக்குப் புளி கரைத்ததும், மீன் அலசிய கையில் புளிச்சக்கையைத் தேய்த்ததும் ருசிக்காக மட்டும் வந்த பழக்கங்கள் அல்ல.

இந்த இடத்தில் ஒரு தவறு நடந்தது. தொடக்கத்தில் சோடாதான் எல்லா வாடையையும் போக்கும் என்ற பொது நம்பிக்கையில், மீன் ஆய்ந்த தொட்டியில் என் மருமகள் சலவைச் சோடாக் கரைசலை ஊற்றிக் கழுவினாள். சற்று நேரத்தில் என்னிடம் வந்து, “அத்தை, கழுவுறதுக்கு முன்னாடி இருந்ததைவிட இப்பதான் கவிச்சி அதிகமா அடிக்குது” என்றாள். அவள் மூக்கு சொன்னது சரி. ஏற்கெனவே காரத்தன்மை கொண்ட பொருளின் மேல் இன்னும் காரத்தை ஊற்றினால், ஒட்டிக் கிடந்த அமீனும் விடுபட்டுக் காற்றில் எழும். அன்று முதல் எங்கள் முறை வேறாயிற்று. அரிவாள்மனை, தட்டு, தொட்டி ஆகியவற்றை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுகிறோம். வெந்நீர் பட்டால் இரத்தமும் மீன் கோழையும் முட்டை வெந்ததுபோல் உறைந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் முதல் கழுவலுக்கு வெந்நீர் கூடவே கூடாது. பிறகு அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சை உப்பைக் கரைத்து எல்லாவற்றின் மேலும் ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, கடைசியில் சோப்பு போட்டுக் கழுவுகிறோம். அரிவாள்மனையின் இரும்பை மட்டும் உடனே துடைத்து ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவிவிடுவோம். அடுப்பங்கரையில் ஊதுவத்தி ஏற்றி வைக்கும் வழக்கம் அதோடு நின்றுபோனது.

மீன் சட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மண்சட்டிக்கு இந்த மூன்று தூள்களும் வேண்டாம், சோப்பும் வேண்டாம். மண் நுண்துளைகள் உள்ளது. எதை ஊற்றினாலும் உறிஞ்சி வைத்துக்கொண்டு அடுத்த குழம்பில் கக்கும். கடலை மாவோ அரிசி மாவோ தூவி, தேங்காய் நாரால் தேய்த்து, வெந்நீர் ஊற்றி அலசி, வெயிலில் முழுதாகக் காயவைப்பதே போதும். மாவு எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். தோசைக்கல்லுக்கும் இதே பத்தியம் உண்டு. நாள்பட எண்ணெய் இறுகிப் படர்ந்த கறுப்புப் பூச்சுதான் தோசை ஒட்டாமல் எழ உதவுகிறது. சலவைச் சோடா அதை உரித்து இரும்பை அம்மணமாக்கிவிடும், கடலூர்க் காற்றில் மறுநாள் காலைக்குள் துரு பிடிக்கும்.

இனி, இந்தத் தூள்களால் எங்களுக்கு ஏற்பட்ட சேதங்களையும் மறைக்காமல் எழுதுகிறேன். முதல் சேதம், அலுமினிய இட்லிப் பானை. பிசுக்கு நீங்கட்டும் என்று சலவைச் சோடாக் கரைசலில் இரவு முழுவதும் ஊறவைத்தேன். காலையில் அது கரிய சாம்பல் நிறத்தில், தொட்டால் விரலில் கறை ஒட்டும்படி கிடந்தது. காரம் அலுமினியத்தையே அரிக்கும். ஆய்வகத்தில் இதைப் பலமுறை கண்டவள், வீட்டில் மறந்துவிட்டேன். பிறகு எலுமிச்சை உப்புப் போட்ட தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பெருமளவு வெளுக்கவைத்தேன் என்றாலும், பழைய வழவழப்பு திரும்பவில்லை. இட்லிப் பானையின் அடித் தண்ணீரில் எலுமிச்சைத் தோலோ சிறிது புளியோ போடும் பழைய வழக்கத்தின் பொருளும் இதுதான். உப்புத் தண்ணீர் கொதிக்கும்போது அலுமினியம் கறுக்கும். சிறிது புளிப்பு இருந்தால் கறுக்காது. அலுமினிய வலை பொருத்திய சிம்னி வைத்திருப்பவர்களும் அந்த வலைகளைச் சலவைச் சோடாவில் ஊறப்போட வேண்டாம்.

இரண்டாவது சேதம் இன்னும் வருத்தமானது. எங்கள் அடுப்பு மேடையின் ஒரு பகுதி கடப்பாக்கல். எலுமிச்சை உப்புக் கரைசல் இருந்த கிண்ணத்தின் அடியிலிருந்து கசிந்த நீர், அரை மணி நேரத்தில் வளையமாக மங்கிய தடத்தை அதில் பதித்துவிட்டது. கடப்பாக்கல் சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்தது. குழாயின் வெள்ளைப் படிவைக் கரைக்கும் அமிலம், கல்லையும் அதே முறையில் கரைக்கத்தான் செய்யும். தடத்தைக் கழுவிப் போக்க முடியாது, ஏனெனில் அங்கே அழுக்கு இல்லை, கல்லின் மேற்பரப்பே போய்விட்டது. சலவைக்கல்லுக்கும் மொசைக் தரைக்கும் இதே ஆபத்து உண்டு. கிரானைட் இவ்வளவு எளிதில் அரிபடாது. ஆனாலும் அதன்மேலும் நான் அமிலத்தைத் தேங்க விடுவதில்லை. எலுமிச்சை உப்பு விற்பவர்கள் பொட்டலத்தின் மேல் எதையாவது அச்சிட விரும்பினால், இந்த ஒரு எச்சரிக்கையைத்தான் முதலில் அச்சிட வேண்டும்.

சமையல் சோடாவுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. அடிப்பிடித்த எவர்சில்வர் பால் பாத்திரத்தில் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, இரண்டு தேக்கரண்டி சோடா போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டால் கருகல் ஏடாக உரிந்து வரும். தேநீர்க் கறை படிந்த கோப்பைகளையும், மிக்ஸி மூடியின் ரப்பர் வளையத்தையும் அது கீறல் இல்லாமல் சுத்தம் செய்கிறது. குளிர்சாதனப் பெட்டிக்குள் துடைக்கவும் ஏற்றது. வாசனை விட்டுச் செல்லாது. மற்றபடி அதற்குக் கிடைத்திருக்கும் புகழ் அதன் உழைப்பைவிடப் பெரிது என்றே சொல்வேன்.

அந்தப் புகழுக்குக் காரணம் நுரை. சோடாவின் மேல் வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ ஊற்றினால் பொங்கி எழுவதைப் பார்த்து, அழுக்கு வெளியேறுகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். என் அண்டை வீட்டாருக்கும் உறவினருக்கும் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்லிவரும் செய்தி இது: அந்தப் பொங்கலில் வெளியேறுவது கரியமில வாயு மட்டுமே. காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டி, கடைசியில் எண்ணெயையும் கரைக்காத, உப்புப் படிவையும் கரைக்காத வெறும் உப்புத் தண்ணீராக நிற்கும். இரண்டு நல்ல பொருள்களை ஒரே நேரத்தில் வீணாக்கும் வழி அது. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்துவதில் பெரும் பயன் உண்டு. எங்கள் எவர்சில்வர் தொட்டியில் உப்புப் படிவின் மேல் எண்ணெய்ப் படலமும் படிந்திருந்ததால், எலுமிச்சை உப்பை நேரடியாகப் போட்டபோது ஒன்றுமே நடக்கவில்லை. முதலில் சலவைச் சோடாவால் எண்ணெயை நீக்கி, நன்றாக அலசிவிட்டு, அதன்பிறகு எலுமிச்சை உப்பை ஊற்றியபோதுதான் படிவு பொரியத் தொடங்கியது. தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்க்கும் சலவைச் சோடா கலந்த சூடான தண்ணீரையே வாரம் ஒருமுறை ஊற்றுகிறோம். கொதிக்கும் தண்ணீர் பிவிசி குழாயை இளக்கிவிடும் என்பதால் கை பொறுக்கும் சூட்டோடு நிறுத்துகிறோம். வறுவல் வாணலியில் மிஞ்சிய எண்ணெயைப் பழைய செய்தித்தாளால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பிறகு கழுவுவது, இந்த வாராந்திர வேலையையே பாதியாகக் குறைத்துவிட்டது.

இந்த மூன்றுக்கும் கட்டுப்படாத கறைகளும் நம் சமையலறையில் உண்டு. பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் வந்து குவியும் மாதங்களில், ஒரு பழத்தை அறுத்தாலே கத்தி, கை, பலகை எல்லாவற்றிலும் பால் பிசினாக ஒட்டிக்கொள்ளும். சோடாவிலும் அது கரையாது, புளிப்பிலும் கரையாது. தண்ணீர் பட்டால் இன்னும் இறுகும். அது எண்ணெயில் மட்டுமே இளகும். அறுப்பதற்கு முன் கத்தியிலும் கையிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, முடித்தபின் மீண்டும் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, அதற்கப்புறம் சோப்பு போடுவதே வழி. புது எவர்சில்வர் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் காகிதச் சீட்டின் பசைக்கும் இதே வைத்தியம் பலிக்கிறது.

மஞ்சள் கறை மற்றொன்று. வெள்ளை மேடையில் சிந்திய மஞ்சள்தூளைச் சலவைச் சோடாவால் துடைக்கப் போனால் அது செக்கச்செவேலென்று மாறிப் பயமுறுத்தும். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். பள்ளியில் அமிலம், காரம் அறியும் செய்முறைக்கு மஞ்சள் தடவிய தாளை நான் வெட்டிக் கொடுத்ததுண்டு. சோப்பால் இயன்றவரை கழுவிவிட்டு, பிளாஸ்டிக் டப்பாவாக இருந்தாலும் கைத்துணியாக இருந்தாலும் வெயிலில் வைத்துவிட்டால் போதும். மஞ்சளின் நிறமிக்கு வெயில் ஆகாது. இரண்டொரு நாளில் வெளுத்துவிடும். வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. பாத்திரம் தேய்க்கும் பஞ்சையும் நாங்கள் இப்போது கைவிட்டுவிட்டோம். ஈரம் உலராத பஞ்சுதான் அடுப்பங்கரையில் கிருமிகள் வளரத் தகுந்த இடம். தேங்காய் நாரும் பீர்க்கங்காய் நாரும் அரை நாள் வெயிலில் சருகாகக் காய்ந்துவிடுகின்றன. தேய்ந்தால் குப்பைக் குழியில் போட்டு மக்கவைக்கலாம்.

எலுமிச்சை உப்பைப் பயன்படுத்துவோர் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று, அதை எதோடு சேர்க்கக் கூடாது என்பது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பின், தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூரின் பல பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. சேறு புகுந்த ஒரு சமையலறையைச் சுத்தம் செய்ய நான் உதவிக்குப் போயிருந்தேன். நான் உள்ளே நுழைந்தபோது, தொட்டியில் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு, இன்னும் வெளுக்கட்டும் என்று கழிவறை ஆசிட்டையும் அதன்மேல் ஊற்றியிருந்தார்கள். அறை முழுவதும் நெடி. ஒருவருக்கு இருமல் நிற்கவில்லை. எல்லோரையும் வெளியே அழைத்துவந்து, சன்னல்களைத் திறந்து, வெகுநேரம் கழித்தே மறுபடி உள்ளே போனோம். பிளீச்சிங் பவுடரோடு எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். கழிவறை ஆசிட்டானாலும், வினிகரானாலும், சமையலுக்குப் போடுகிற எலுமிச்சை உப்பானாலும் விதி ஒன்றுதான். வெள்ளச் சேற்றுக்கு முதலில் சேற்றை முழுதாக வழித்துக் கழுவ வேண்டும். சேறு இருக்கும் வரை பிளீச்சிங் பவுடரின் வலிமையெல்லாம் அந்தச் சேற்றிலேயே செலவாகிவிடும். கழுவிய பின் பிளீச்சிங் கரைசல், அதன்பின் நல்ல தண்ணீர். அன்றைக்கு வேறெதுவும் கூடாது. எவர்சில்வர் பாத்திரங்களைப் பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்தால் புள்ளிப் புள்ளியாக அரிக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஓராண்டுக் கணக்கைச் சொல்லி விடுகிறேன். சலவைச் சோடா ஒரு கிலோவுக்கு மேல் செலவானது. எலுமிச்சை உப்பு மூன்று முறை 100 கிராம் பொட்டலமாக வாங்கினோம். சமையல் சோடாவில் முதலில் வாங்கிய பொட்டலமே இன்னும் மீதமிருக்கிறது. ஒதுக்கி வைத்த ஏழு புட்டிகளில் ஒன்றைக்கூட மறுபடி திறக்கவில்லை. அன்றாடப் பாத்திரங்களுக்கு மட்டும் சாதாரணப் பாத்திரச் சோப்பு தொடர்கிறது, அதற்கு மாற்று எதுவும் எனக்குத் தோன்றவில்லை. குறை என்று சொன்னால், எலுமிச்சை உப்பு கடற்காற்றின் ஈரத்தை இழுத்து மழைக்காலத்தில் கட்டியாகிவிடுகிறது. பிளாஸ்டிக் பொட்டலத்தில் விட்டுவைக்காமல் இறுக மூடும் கண்ணாடிச் சீசாவில் கொட்டி வைக்க வேண்டும்.

அப்படிக் கொட்டி வைத்தபோதுதான் கடைக்காரர் சொன்னதன் அருமை தெரிந்தது. மூன்றும் வெள்ளை, பக்கத்தில் சர்க்கரையும் உப்பும் வெள்ளை. சலவைச் சோடா வாயில் பட்டால் நாக்கும் தொண்டையும் வெந்துவிடும். ஆகவே அதைச் சமையல் பொருள்களின் அலமாரியில் வைப்பதையே நிறுத்தி, பேரக் குழந்தையின் கைக்கு எட்டாத மேல்பரணில் ஒரு பழைய தகர டப்பாவில் வைத்திருக்கிறோம். ‘சலவைச் சோடா – சாப்பிடக் கூடாது’ என்று மருமகள் பெரிய எழுத்தில் எழுதி, அதன் நான்கு பக்கமும் ஒட்டியிருக்கிறாள்.